எத்தனை ஆத்துமா, பாஸ்டர்?



போன மாதம் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து பாய்களைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தபோது, நம்முடைய சபை மூப்பர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. வாரத்துல மூணு நாள் சாயங்காலம் நூலகத்துக்குப் போறீங்க. மூணு வருஷத்துக்கு மேலயும் ஆச்சு. இதுவரைக்கும் எத்தனை ஆத்துமா வந்திருக்கு?" என்று கேட்டார். குற்றம் பிடிக்கிறதற்காக அவர் கேட்கவில்லை, ஆத்தும பாரத்தோடு கேட்டார். "அப்புறம் சொல்றேங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பதிலை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஒருவரும் வரவில்லை. ஆனாலும் அன்று இராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி நின்றுகொண்டிருந்தது. ஒன்றைக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, மனதுக்குள் வேறொன்றுக்காக அதைக் கொடுக்கலாமா? அந்த வேறொன்று ஆத்தும இரட்சிப்பாகவே இருந்தாலும்? இதை எழுதும்போது உங்கள் முன்பாக ஒரு தவறை அறிக்கை செய்ய வேண்டியதும் இருக்கிறது. அதனால்தான் பிரசங்க பீடத்தில் வாயால் சொல்லாமல், எழுத்தில் கொடுக்கிறேன்.

முதலில் இது ஆரம்பித்த விதம். கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடின பள்ளிக்கூடங்கள், நம்முடைய மாநிலத்தில் 1 முதல் 8 வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. ஒன்றரை வருஷத்துக்கு மேல். அரசாங்கம் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களை வைத்துத் தெருத்தெருவாகச் சாயங்கால வகுப்பு நடத்தினது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படியும் எங்கள் பக்கத்தில் எழுத்தே தெரியாமல் மூன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்புக்குப் போன பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள். கிளை நூலகத்தின் நூலகர் அம்மா, நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையைச் சுத்தம் பண்ணி, "யாராவது வந்து சொல்லிக்கொடுங்க" என்று ஊரில் கேட்டார்கள். 2022 ஆகஸ்டில் நான் போனேன். அவர்கள் ஒரே ஒரு காரியம் சொன்னார்கள். "பாஸ்டர் சார், நீங்க வர்றது எனக்கு சந்தோஷம். ஆனா இது பொது இடம். பாடம் மட்டும் சொல்லிக்கொடுங்க சார்." நான் "சரிங்கம்மா" என்றேன்.

சரி என்று வாய் சொன்னது. தோளில் தொங்கின பையில் கைப்பிரதிகள் இருந்தன.

சொல்லிக்கொடுக்கிற வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே உட்கார்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. வேதாகமக் கல்லூரியில் பிரசங்கம் தயாரிக்கிறதற்குப் படித்திருக்கிறேன், ஒரு பிள்ளைக்குக் 'கொக்கு' என்கிற வார்த்தையைப் படிக்க வைக்கிறதற்கு யாரும் படிப்பிக்கவில்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள். தமிழிலே 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஒரு ஆய்தம், ஆக 247 எழுத்து. எண்ணிக்கை கூடப் பயமில்லை. 'கா', 'கி', 'கு' வரை பிள்ளைகள் ஓடி வந்துவிடுவார்கள். 'கெ' வந்ததும் நின்றுவிடுவார்கள். ஏன் தெரியுமா? கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் சத்தமோ பின்னால் வருகிறது. 'கொ' இன்னும் மோசம், கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கண் இடமிருந்து வலமாகப் போகிறது, நாக்கு அப்படிப் போகக்கூடாது. 'கோழி' என்று எழுதிக் கொடுத்தால் ஒரு பையன் 'கே... ஆ... ழி' என்று மூச்சுவாங்கிப் படிப்பான். அவன் மக்கு இல்லை. அவன் கண்ணால் பார்த்ததை நேர்மையாகப் படிக்கிறான்!

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, கொம்பு தனி அட்டை, கால் தனி அட்டை, எழுத்து தனி அட்டை என்று செய்தேன். கொம்பை நகர்த்தி வைக்க வைக்க சத்தம் மாறும். இது பிள்ளைகளுக்கு விளையாட்டு. அப்புறம் புள்ளி. 'கல' என்பதற்கும் 'கல்' என்பதற்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம் என்று கண்டுபிடித்த நாளில் ஒரு சிறுவன் எழுந்து நின்று கைதட்டினான். கூட்டங்களில் எத்தனையோ கைதட்டல் கேட்டிருக்கிறேன், அந்தக் கைதட்டல் எனக்குள் வேறு மாதிரி இருந்தது.

அந்தக் கூட்டத்தில் மூன்றாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி இருந்தாள். ஒன்றாம் வகுப்பைத் தொலைக்காட்சிப் பெட்டியில் படித்தவள், அதாவது படிக்காதவள். ஆறு வாரத்தில் அவள் எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தாள். ஒகர வரிசைகூட அட்டையை நகர்த்தி நகர்த்திப் பிடித்துவிட்டாள். 'கை'யில்தான் தடுமாறிக்கொண்டிருந்தாள். அந்த வாரத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நூலகர் அம்மா பேப்பர் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த நேரம், ஆறு பிள்ளைகளுடைய நோட்டுக்குள் கைப்பிரதியை வைத்து அனுப்பினேன். வார்த்தை வெறுமையாய்த் திரும்பாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பாப்பாவின் அப்பாயி வந்தார்கள். சத்தம் போடவில்லை. கைப்பிரதியை மடக்கினபடியே மேசைமேல் வைத்தார்கள். "தம்பி, எழுத்து சொல்லிக்கொடுக்கத்தானே புள்ளைய அனுப்பினோம்? வேற என்னமும் இருந்தா மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்கள். அவ்வளவுதான். நூலகர் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை வரவில்லை.

இனிமேல்தான் நான் அறிக்கை செய்ய வேண்டியது வருகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பிரசங்க பீடத்தில் நின்று, "நூலகத்தில் சத்துரு எதிர்ப்பைக் கொண்டுவந்தான், சுவிசேஷத்துக்காக நான் நிந்தையைச் சகித்தேன்" என்று சொன்னேன். நீங்கள் உரத்த சத்தமாய் அல்லேலூயா சொன்னீர்கள். அருமையானவர்களே, அது எதிர்ப்பு அல்ல. நான் கொடுத்த வாக்கை நானே மீறினேன், பிடிபட்டேன். அதற்கு உபத்திரவம் என்று பேர் வைத்து உங்களிடத்தில் கைதட்டல் வாங்கினேன். அந்த அப்பாயியிடம் பொய்யனாக இருந்தேன், உங்களிடத்திலும் பொய்யனாக இருந்தேன். என்னை மன்னியுங்கள்.

எனக்கு இது உறைக்கிறதற்கு இரண்டு மாதம் ஆனது. உறைத்தது எந்தக் கூட்டத்திலும் அல்ல, எங்கள் வீட்டு அடுப்படியில். என் தாயார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரியின்மேல் வைத்து, உதடு அசைய அசைய வேதம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எழுத்து எப்படி வந்தது? 1991-ம் வருஷம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. பெண்கள் கூட்டங்கூட்டமாக சைக்கிள் கற்றுக்கொண்டது அந்த நாட்களில்தான், நம்முடைய சபையில் இருக்கிற சில தாய்மார்கள் அப்படி ஓட்டினவர்கள். என் தாயார் அப்போது கல் உடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இராத்திரி தெருவிளக்கின் கீழே ஒரு வாலிபர் அவர்களுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தார். பத்து வயதுப் பையனாக நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த அண்ணன் கடவுள் இல்லை என்கிறவர். ஊருக்கெல்லாம் தெரியும். ஒரு நாளாவது அதை அந்தப் பலகைக்கு முன்னால் பேசினதில்லை. என் தாயார் கழுத்தில் சிலுவை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்ததையும் கேட்டதில்லை. கல் உடைத்துக் காய்ச்சின கையைப் பிடித்து 'ம' எழுத வைத்துவிட்டுப் போனார். அந்த எழுத்தைக்கொண்டுதான் என் தாயார் மத்தேயுவை வாசித்தார்கள்.

அவர் தம்முடைய கொள்கைத் துண்டுப்பிரசுரத்தை என் தாயாரின் சிலேட்டுக்குள் மறைத்து வைத்திருந்தால்? எங்கள் அப்பா அன்றைக்கே நிறுத்தியிருப்பார். இன்றைக்கு அந்த அடுப்படியில் வேதம் மூடியே இருந்திருக்கும். பிறர் நமக்குச் செய்ய விரும்புகிறதை நாம் அவர்களுக்குச் செய்ய வேண்டுமென்று மத்தேயு 7-ல் ஆண்டவர் சொன்னதை நான் எத்தனையோ தரம் பிரசங்கித்திருக்கிறேன். என் தாயாருக்கு ஒரு நாத்திகர் அதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த அப்பாயியின் பேத்திக்கு நான் அதைச் செய்யவில்லை.

"அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருக்கிறதா? காவற்காரன் எச்சரிக்காவிட்டால் இரத்தப்பழி அவன்மேல் வருமென்று எசேக்கியேல் 33 சொல்லவில்லையா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளமாட்டேன். தள்ளுகிறவன் நம்முடைய விசுவாசத்தையே லேசாக எண்ணுகிறவன். ஆனால் எசேக்கியேலின் காவற்காரன் என்ன செய்கிறான்? எல்லாருக்கும் கேட்கும்படி எக்காளம் ஊதுகிறான். ஒருவனுடைய நோட்டுக்குள் ஒளித்து வைக்கிறவன் காவற்காரன் அல்ல.

இன்னொரு சகோதரர் 2 கொரிந்தியர் 12-ஐக் காட்டினார். பவுலே தந்திரத்தினாலே பிடித்ததாகச் சொல்லுகிறாரே என்றார். நல்லது, நம்முடைய தமிழ் வேதாகமத்தையே எடுத்துப் பாருங்கள். அந்த வசனம் 'ஆம்' என்கிற விகுதியோடு முடிகிறது. வந்தானாம், போனானாம் என்கிறோமே, அந்த மாதிரி. பவுல்மேல் மற்றவர்கள் சொன்ன பழி அது. உடனே அடுத்த வசனத்திலே, நான் அனுப்பினவர்களில் யாரையாவது கொண்டு உங்களிடத்தில் ஆதாயம் தேடினேனா என்று கேட்டு அதை மறுக்கிறார். அதே நிருபத்தின் 4-ம் அதிகாரத்தில், வெட்கமான அந்தரங்கக் காரியங்களைத் தள்ளிவிட்டோம், தந்திரமாய் நடக்கிறதில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறார். ஒரு எழுத்து எவ்வளவு காரியம் செய்கிறது பாருங்கள்! இதையும் எழுத்துக்கூட்டப் படித்தவர்கள்தான் கண்டுபிடிக்க முடியும்.

மனுஷரைப் பிடிக்கிறவர்கள் என்கிற வார்த்தையையும் நாம் தூண்டிலாக நினைத்துக்கொள்கிறோம். கலிலேயாக் கடலில் பேதுரு பிடித்தது வலையால். வலையில் இரை கிடையாது. சுவிசேஷங்களில் தூண்டில் ஒரே இடத்தில் வருகிறது, மத்தேயு 17-ல், அது ஆலய வரி கட்டுகிறதற்காக. வரி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. இந்த நூலகங்கள் 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தினால் உண்டானவை. நாம் சொத்து வரி கட்டும்போது ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி சேர்த்துத்தான் கட்டுகிறோம். கோயில் தெருக்காரரும் கட்டுகிறார், பள்ளிவாசல் தெருக்காரரும் கட்டுகிறார், நாமும் கட்டுகிறோம். அந்த அறை எல்லாருடைய காசிலும் நிற்கிறது. அங்கே என்னை உட்காரவிட்டது அந்த எல்லாரும்தான்.

ஆண்டவர் எப்படிக் கொடுத்தார் என்று தேடிப் பார்த்தேன். லூக்கா 17-ல் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள், ஒருவன்தான் திரும்பினான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று கேட்டார், அந்தக் கேள்வியில் துக்கம் இருக்கிறது. ஆனால் அந்த ஒன்பது பேருடைய தோலில் குஷ்டம் திரும்ப வரவில்லை. யோவான் 6-ல் அப்பம் தின்ற ஜனங்கள் மறுபடியும் அப்பத்துக்காகவே தேடி வந்தபோது அவர்களைக் கடிந்துகொண்டார். அப்பத்தைக் காட்டி ஆள் சேர்க்க அவருக்கு எவ்வளவு நல்ல சமயம்! சேர்க்கவில்லை. கடினமான உபதேசத்தை வெளியரங்கமாய்ச் சொன்னார், அநேகர் பின்வாங்கிப் போனார்கள், போகவிட்டார்.

பண்டித ரமாபாய் அம்மையாரை நாம் 1905-ம் வருஷத்து முக்தி எழுப்புதலுக்காக நினைக்கிறோம். அதற்கு முன்னால் நடந்ததை அதிகம் பேசுகிறதில்லை. 1889-ல் பம்பாயில் சிறு வயது விதவைகளுக்காக அவர்கள் சாரதா சதன் என்ற பள்ளியைத் தொடங்கினபோது, பிள்ளைகளின்மேல் மதத்தைத் திணிக்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துத் தொடங்கினார்கள். ஆனால் தம்முடைய அறையில் கதவைத் திறந்துவைத்து ஜெபித்தார்கள். சில பிள்ளைகள் தாங்களாகவே வந்து உட்கார்ந்தார்கள். 1893-ல் ஆலோசனைக் குழுவிலிருந்த பெரிய மனிதர்கள் விலகிக்கொண்டார்கள், பல பிள்ளைகளை வீட்டார் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வாக்கைக் காத்தார்களா மீறினார்களா என்று அன்றைக்கே இரண்டு பேச்சு இருந்தது. என் எண்ணத்தைச் சொல்கிறேன். அவர்கள் இழுக்கவில்லை, ஒளிக்கவும் இல்லை. ஆனாலும் வீட்டை விட்டு வந்து தங்கியிருக்கிற பிள்ளைக்குத் திறந்த கதவும் ஒரு அழைப்புத்தானே என்று ஒரு தகப்பன் பயந்திருந்தால், அந்தப் பயத்தை நான் சத்துரு என்று சொல்லமாட்டேன். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

போன வருஷம் இந்தக் கதவு விஷயம் எனக்கே வந்தது. பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பென்சிலை வைத்துவிட்டு, "சார், நீங்க பாஸ்டர்தானே? எங்கப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு. ஜெபம் பண்ணுவீங்களா?" என்று கேட்டான். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்று வருஷமாக நான் காத்திருந்த கேள்வி! அங்கேயே தலையில் கைவைத்து ஜெபித்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். நான் "உங்கம்மாகிட்ட கேட்டுட்டு வாப்பா" என்றேன். அது கோழைத்தனமா கீழ்ப்படிதலா என்று அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். மறுநாள் அந்தத் தாயாரே நூலக வாசலுக்கு வந்து, "வாங்க சார்" என்று கூப்பிட்டார்கள். போய் ஜெபித்தேன். சர்க்கரை வியாதியில் அவர் ஒரு காலை இழந்தார், உயிர் தப்பினது. அந்தக் குடும்பம் இன்றுவரை சபைக்கு வரவில்லை. பையன் வருகிறான், சபைக்கு அல்ல, கணக்குக்கு. பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கிறதில் இன்னும் தடுமாறுகிறான், தலைகீழாக்கிப் பெருக்க மறந்துபோகிறான்.

ஆகையால் நம்முடைய மூப்பருக்கு என் பதில் இதுதான். ஐயா, ஆத்துமா எத்தனை என்று எனக்குத் தெரியாது, அந்தக் கணக்கு என் கையில் இல்லை. வாசிக்கத் தெரிந்துகொண்ட பிள்ளைகள் 31 பேர், அந்தக் கணக்கு நோட்டில் இருக்கிறது. அந்த 31 பேருக்கும் நான் யார் என்று தெரியும், ஞாயிற்றுக்கிழமை வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு எங்கே போகிறேன் என்று தெரியும். கேட்டால் சொல்வேன், தாய் தகப்பன் அறியச் சொல்வேன். சங்கீதம் 15-ல் கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவன் யாரென்று வருகிறதே, தனக்கு நஷ்டம் வந்தாலும் ஆணை மாறாதவன், அதைத் தவறவிட்ட பிறகுதான் அது எனக்குப் புரிந்தது. இதில் எனக்கு நஷ்டம் உண்டு, பொய் சொல்லமாட்டேன். சில சாயங்காலங்களில் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும்போது எசேக்கியேல் திரும்ப வருகிறார். அப்போது இராத்திரி அவர்கள் ஒவ்வொருவருடைய பேரையும் சொல்லி ஜெபிக்கிறேன். ஜெபிக்கிறதை யாரும் தடைபண்ணவில்லை.

அந்த அப்பாயி வீட்டுக்கும் போனேன். திண்ணையில் உட்கார வைத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். "நான் செஞ்சது தப்புதாம்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி தம்பி, விடுங்க" என்றார்கள். பிள்ளையை அனுப்பவில்லை. போன வாரம் அவளைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன், நன்றாக வளர்ந்துவிட்டாள். வந்து நின்ற பஸ்ஸின் பலகையை வாய்க்குள் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். படித்து முடிக்கிறதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

நூலகத்தில் திங்கள், புதன், சனி சாயங்காலம் 5 மணி முதல் 6.30 வரை வகுப்பு நடக்கிறது. கணக்குக்கு ஆள் குறைவாக இருக்கிறது. நம்முடைய வாலிபர்களிலே டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறவர்கள் இரண்டு பேர் வந்தால் உதவியாக இருக்கும். பிள்ளைகள் பசியோடு வருகிறார்கள், சுண்டல் அவித்துக் கொடுக்கிற தாய்மார்களும் வரலாம். பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருந்தால் ஞாயிறு ஆராதனைக்குக் கொண்டுவாருங்கள், அட்டை கெட்டியாக இருக்கட்டும். கைப்பிரதிகளை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை ஜெபக்குறிப்பில் ஒரு பேரைச் சேர்த்திருக்கிறேன், 'கை'யில் நின்றுபோன அந்தப் பாப்பாவின் பேர்.